எழுதி வைத்த ஜாஸ்: எங்கே தேடுவது, எப்படி வாசிப்பது?

கேள்வி இது: "கிளாசிக்கல் பியானோவில் ஆறாம் கிரேடு முடித்திருக்கிறேன். கபுஸ்டினின் ஒரு எட்யூடை யூடியூபில் கேட்டதிலிருந்து கிளெமென்டி சோனாட்டினா பக்கம் மனம் திரும்ப மாட்டேன் என்கிறது. எனக்கு இம்ப்ரொவைஸ் செய்யத் தெரியாது. நோட்டில் இருப்பதை அப்படியே வாசித்தால் ஜாஸ் வாசனை வர வேண்டும். அந்த மாதிரி பீஸ்களும் பாடல் அரேஞ்ச்மென்ட்களும் எங்கே கிடைக்கும், எதில் தொடங்கலாம்?"

இம்ப்ரொவைஸ் செய்ய (நோட்டில்லாமல் அந்தந்த நேரத்தில் புனைந்து வாசிக்க) தெரியாது என்பதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். தேவையே இல்லை. உங்களைக் கெடுத்த கபுஸ்டினே அந்தக் கட்சிதான். நிகோலாய் கபுஸ்டின் 1937இல் உக்ரைனின் ஹோர்லிவ்காவில் பிறந்தவர். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் கோல்டன்வைசரிடம் கறாரான ரஷ்யப் பாணியில் பியானோ பயின்றவர். பிறகு ஒலெக் லுண்ட்ஸ்ட்ரெமின் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவில் பதினோரு ஆண்டு வாசித்தார். இத்தனைக்கும் பிறகு தன்னை ஜாஸ் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இம்ப்ரொவைசேஷனில் தனக்கு ஆர்வமில்லை, எழுதித் திருத்திச் செதுக்கியதுதான் தன் இசை என்றார். 2020இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்றவற்றில் இருபது சோனாட்டாக்கள் உண்டு. அந்த வேகத்தில் விரலிலிருந்து அப்போதைக்கப்போது கொட்டுவதுபோலக் கேட்கும் ஒவ்வொரு ஸ்வரமும் காகிதத்தில் இருக்கிறது.

ஆனால் அவரிடம் தொடங்காதீர்கள்.

நான் தொடங்கினேன், அதனால் சொல்கிறேன். ஓபஸ் 40, எட்டு கான்சர்ட் எட்யூடுகள், அதாவது கச்சேரியிலும் வாசிக்கத்தக்க பயிற்சிப் பீஸ்கள், 1984இல் எழுதியது. முதல் எட்யூடின் பெயர் 'பிரிலியூட்'. நீங்கள் கேட்டதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். மூன்று மாதம் உட்கார்ந்தேன். கடைசியில் மிஞ்சியது ஒன்றரைப் பக்கமும் மணிக்கட்டு வலியும். வேகம் வரவில்லை என்பது பெரிய வருத்தமில்லை. பாதி வேகத்தில் சரியாக வாசித்தபோதும் அது ஜாஸ் மாதிரிக் கேட்கவில்லை, செர்னியின் விரல் பயிற்சிக்குத் தப்பான கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) போட்ட மாதிரி இருந்தது. கை பழகாதது பாதிதான், மீதி காது பழகாதது. இந்தப் பதிலில் நான் சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாமே அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான்.

கிளாசிக்கல் படித்தவர்கள் ஜாஸ் என்றதும் கார்டைத்தான் தேடுகிறோம். கார்டின் மூல சுரத்திலிருந்து எண்ணினால் வரும் ஒன்பதாம் சுரம், பதின்மூன்றாம் சுரம், அந்த மங்கலான அழகு. அது தபுஸியிடமே இருக்கிறது, ராவெலிடமும் இருக்கிறது, நமக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது தாளம். குறிப்பாக ஸ்விங்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது காதில் விழுந்த வீடு என்றால் இதில் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு தட்டை இரண்டாகச் சமமாகப் பிரித்தால் 'தக'. மூன்றாகப் பிரித்தால் 'தகிட'. ஸ்விங் என்று எழுதியிருக்கும் இடத்தில் தாளில் இரண்டு எட்டாம் சுரங்கள் (தலா அரைத் தட்டு நீளமுள்ளவை) சமமாகத்தான் தெரியும். வாசிக்கும்போது முதல் சுரம் 'தகி' அளவுக்கு நீள்கிறது, இரண்டாவது 'ட' மேல் விழுகிறது. த–ட, த–ட, த–ட என்று வாயால் சொல்லிக்கொண்டே காலால் தட்டிப் பாருங்கள், வந்துவிடும். இது புத்தகக் கணக்கு. நல்ல ஜாஸ் கலைஞர்கள் சதுஸ்ரத்துக்கும் ('தக') திஸ்ரத்துக்கும் ('தகிட') நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருப்பார்கள். காலப்பிரமாணம் மெதுவாக இருந்தால் முதல் சுரம் இன்னும் நீளும், வேகம் ஏற ஏறச் சமமாகிக்கொண்டே வரும். மிக வேகமான பாட்டில் ஏறக்குறைய 'தக' ஆகிவிடும். அதனால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு நொண்டினால் குதிரை வண்டி போலத்தான் கேட்கும்.

இதைவிட முக்கியம், எங்கே ஸ்விங் செய்யக்கூடாது என்பது. பக்கத்தின் தலையில் 'ஸ்விங்' என்றோ, இரண்டு எட்டாம் சுரம் சமம் ஒரு டிரிப்லெட் (தட்டை மூன்றாகப் பிரித்தது) என்ற அடையாளமோ இல்லாவிட்டால் கை வைக்காதீர்கள். தபுஸிக்கு ஸ்விங் கிடையாது. ஸ்காட் ஜாப்லினின் ராக்டைமுக்கு (ஜாஸுக்கு முந்தைய பியானோ பாணி) கிடையாது. கெர்ஷ்வினின் மூன்று பிரிலியூடுகளுக்குக் கிடையாது. சிக் கோரியாவின் குழந்தைப் பாடல்களுக்கும் கிடையாது. கபுஸ்டினிடம் பெரும்பகுதி எழுதியது எழுதியபடிதான். ஜாஸ் வாசனை வரவேண்டும் என்ற ஆசையில் எல்லாவற்றையும் நொண்ட வைப்பதுதான் நம்மைப் போன்றவர்கள் செய்யும் முதல் தப்பு.

அப்படியானால் ஸ்விங் இல்லாத இடத்தில் ஜாஸ் எங்கிருந்து வருகிறது? எடுப்பிலிருந்து. அதீத எடுப்பு, அநாகத எடுப்பு என்று நம்மவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள்: தட்டுக்கு முன்னால் எடுப்பது, தட்டு விழுந்த பிறகு எடுப்பது. ஜாஸில் மெலடி முதல் தட்டில் வந்து விழுவது அபூர்வம். அரைத் தட்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த முந்திய சுரத்துக்குத்தான் அழுத்தம், தட்டுக்கு அல்ல. பார் கோட்டைத் தாண்டி ஒரு 'டை' (சுரத்தை நீட்டிக்கும் வளைகோடு) போட்டிருந்தால், அந்த டை தொடங்கும் இடத்தில் விரல் கொஞ்சம் கடிக்க வேண்டும். கெர்ஷ்வினின் பக்கங்களில் அடிக்கடி வரும் இன்னொன்று, எட்டு அட்சரத்தை மூன்று-மூன்று-இரண்டாகப் பிரிப்பது: தகிட தகிட தக. மேற்கத்திய முறையில் எண்ணினால் தலை சுற்றும், சொல்கட்டாகச் சொன்னால் அரை நிமிட வேலை.

மெட்ரோனோம் பற்றி ஒரு பழக்கம். வேகம் 120 வேண்டுமென்றால் கருவியை 60இல் வையுங்கள். அந்தச் சத்தத்தை ஒன்றாம், மூன்றாம் எண்ணிக்கையாக எடுக்காமல் இரண்டு, நான்காக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் மெட்ரோனோம் உங்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் உடம்பு பிடித்துக்கொள்ளும். ஜாஸ் அரங்கில் ரசிகர்கள் கைதட்டுவதும் இரண்டிலும் நான்கிலும்தான்.

சரி, பீஸ்கள்.

ஆறாம் கிரேடுக்கு என் முதல் சிபாரிசு கெர்ஷ்வினின் இரண்டாவது பிரிலியூட். மூன்று பிரிலியூடுகளையும் 1926 டிசம்பரில் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் அவரே முதன்முதலாக வாசித்தார். நடுவில் உள்ளதை அவர் ஒருவகை புளூஸ் தாலாட்டு என்று சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். சி ஷார்ப் மைனர். இடது கை தொட்டில்போல ஒரே அசைவில் ஆடிக்கொண்டிருக்கும். வலது கையில் மேஜர் மூன்றாம் சுரமும் (நம் அந்தரகாந்தாரம்) மைனர் மூன்றாம் சுரமும் (சாதாரண காந்தாரம்) அடுத்தடுத்து உரசிக்கொள்ளும், புளூஸின் உயிரே அந்த உரசல்தான். புளூஸ் ஸ்கேலைச் சுத்த தன்யாசி என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. சுரங்களை எண்ணினால் கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் சுத்த தன்யாசியில் அந்தரகாந்தாரம் வந்து சண்டை போடாது. புளூஸில் சண்டைதான் விஷயம். நடுப்பகுதியில் மெலடி இடது கைக்குப் போய்விடும், வலது கை மேலே கார்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கும். அங்கே வலது கையை அடக்குவதுதான் இந்தப் பீஸின் ஒரே உண்மையான கஷ்டம். ஒன்றும் மூன்றும் இதைவிட ஒரு படி மேலே. அவற்றை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்ஷ்வினே பெடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டிருக்கிறார். 1932இல் வெளியான அவருடைய பாடல் புத்தகத்தின் முன்னுரையில், அமெரிக்கப் பாப்புலர் இசையின் தாளம் முறுக்கானது, அதை ஷோபான் போல வழவழவென்று இழைத்து வாசித்தால் செத்துவிடும், ஸ்டக்காட்டோ (சுரங்களை வெட்டி வெட்டி வாசிப்பது) பக்கம் சாய்ந்து வாசியுங்கள் என்ற பொருளில் எழுதினார். கிளாசிக்கல் ஆசிரியர்கள் நமக்கு ஊட்டி வளர்த்த 'பாடும் தொனி' இங்கே பாதி நேரம் எதிரி. முதல் வாரம் பெடலே இல்லாமல் வாசியுங்கள். அப்புறம் எங்கே இல்லாமல் முடியாதோ அங்கே மட்டும் போடுங்கள்.

கெர்ஷ்வினுக்கு முன்னால் ஒரு வார்ம்-அப் வேண்டுமென்றால் தபுஸியின் 'சில்ட்ரன்ஸ் கார்னர்' தொகுப்பில் கடைசி பீஸ், 'கோலிவாக்ஸ் கேக்வாக்', 1908. அன்று ஜாஸ் என்ற பெயரே புழக்கத்தில் இல்லை. பாரிஸுக்கு வந்து சேர்ந்த ராக்டைமும் கறுப்பின மக்களின் கேக்வாக் நடனமும்தான் மூலப்பொருள். தலைப்பில் உள்ள கோலிவாக் கறுப்பினத்தவரைக் கேலிசெய்த ஒரு பொம்மை, இன்று அந்தப் பெயரைச் சொல்லும்போது கூச்சம் வருவது நியாயம்தான். இசையில் இருக்கும் குறும்பு வேறு வகை: நடுவில் வாக்னரின் 'டிரிஸ்டான்' ஓபராவின் ஆரம்பத்தை மிகுந்த உணர்ச்சியோடு வாசிக்கச் சொல்லிவிட்டு, உடனே கெக்கலித்துச் சிரிக்க வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பை அடக்கி வாசிப்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

ஜாப்லின் எல்லோருக்கும் தெரிந்தவர். ராக்டைமை ஒருபோதும் வேகமாக வாசிப்பது சரியல்ல என்று தன் நோட்டிலேயே அச்சடித்துக் கெஞ்சியவர், யாரும் கேட்கவில்லை. ராக்டைமில் இன்னும் கொஞ்சம் நவீனமான சோகம் வேண்டுமென்றால் வில்லியம் போல்கமின் 'கிரேஸ்ஃபுல் கோஸ்ட் ராக்'. 1970இல் எழுதியது. உங்கள் கிரேடைவிட ஒரு படி மேலே, ஆனால் உழைத்தால் வந்துவிடும். விருந்தாளிகள் முன்னால் வாசிக்க இதைவிட நல்ல பீஸ் எனக்குத் தெரியாது.

சிக் கோரியாவின் 'சில்ட்ரன்ஸ் சாங்ஸ்' இருபது சின்னப் பீஸ்கள். பார்டோக்கின் மிக்ரோகாஸ்மோஸ் படித்தவர்களுக்கு உடனே உறவு தெரியும். பெரும்பாலும் இடது கை ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், வலது கை அதன்மேல் வேறு கணக்கில் நடக்கும். முதல் பீஸை நாலாம் கிரேடு மாணவர்கூட வாசித்துவிடலாம். பின்னால் வருபவை அப்படியல்ல. எல்லாவற்றையும் அவரே 1984இல் வெளியான இசிஎம் நிறுவனத்தின் இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். இசையமைத்தவரே வாசித்த ஒலிப்பதிவு இருக்கும் பீஸ்களுக்கு இந்த விஷயத்தில் எப்போதும் முன்னுரிமை கொடுங்கள், ஏனென்றால் இந்த இசையில் நோட்டில் எழுத முடியாதது அதிகம்.

பில் எவன்ஸின் 'பீஸ் பீஸ்' அதற்கு நல்ல சாட்சி. (முதல் 'பீஸ்' அமைதி, இரண்டாவது நம் பீஸ். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.) 1958 டிசம்பரில் பதிவானது. இடது கைக்கு இரண்டே கார்ட், சி மேஜரும் அதன் ஜியும், முதலிலிருந்து முடிவு வரை கிட்டத்தட்ட மாறவே மாறாது. ஷோபானின் தாலாட்டு பீஸ் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மேலே வலது கை வெறும் மூன்று சுரத்தில் தொடங்கி, போகப்போகப் பறவைகள் கத்துவதுபோலச் சிதறி, மறுபடி ஒடுங்கும். அவர் அன்று வாசித்ததைக் கேட்டு மற்றவர்கள் எழுதி வைத்த நோட்டுகள்தான் நமக்குக் கிடைக்கின்றன. முதல் பாதியை நீங்கள் இன்றே வாசிக்கலாம். பின்பாதியின் தாளத்தை எழுதியவர்கள் ஐந்துக்கு ஏழு, பதினொன்று என்று பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அந்த எண்களைப் பார்க்காமல் ஒலிப்பதிவோடு சேர்ந்து பாடிப் பாருங்கள், பெரும்பாலும் கை தானாகவே போய்விடும்.

இதற்கு மேலே ஏறினால் சாமுவேல் பார்பரின் 'எக்ஸ்கர்ஷன்ஸ்', ஓபஸ் 20. நான்கு பீஸ்: முதலாவது பூகி-வூகி (இடது கை ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் புளூஸ் பாணி), இரண்டாவது மெதுவான புளூஸ். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஏரன் கோப்லண்டின் 'ஃபோர் பியானோ புளூஸ்' உண்டு, எனக்குக் கொஞ்சம் உலர்ந்ததாகத் தோன்றும். எர்வின் ஷூல்ஹாஃபைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். பிராகைச் சேர்ந்த யூதர். டான்ஸ் ஹால் இசையில் பைத்தியமாக இருந்தவர். 1926இல் எழுதிய ஐந்து ஜாஸ் எட்யூடுகளில் சார்ல்ஸ்டன், புளூஸ், டேங்கோ எல்லாம் உண்டு. கடைசியில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு முழங்கிய ஸெஸ் கான்ஃப்ரியின் 'கிட்டன் ஆன் த கீஸ்' பாட்டை எடுத்து ஒரு டொக்காட்டா (விரல் வித்தை காட்டும் வேகமான பீஸ்) ஆக்கியிருக்கிறார். அது கடினம். அடுத்த ஆண்டு எழுதிய 'ஜாஸ் ஸ்கெட்ச்'கள் அவ்வளவு முரட்டுத்தனம் இல்லாதவை. நாஜிகள் அவரைச் சிறைபிடித்தார்கள். 1942இல் பவேரியாவின் வுல்ஸ்புர்க் முகாமில் காசநோயால் இறந்தார். அவர் இசை பல காலம் யார் மேசையிலும் இல்லாமல் கிடந்தது. இன்றும் கிரேடு தேர்வுக்கு அவரை வாசிப்பவர்கள் குறைவு.

பிறகு ஃப்ரீட்ரிக் குல்டா. வியன்னாக்காரர், பீத்தோவன் வாசிப்பில் பெரிய பெயர், மார்த்தா அர்கெரிச்சின் ஆசான். இரவில் ஜாஸ் கிளப்பில் உட்கார்ந்திருப்பார். அவருடைய 'ப்ளே பியானோ ப்ளே' பத்துப் பயிற்சிகள், கிளாசிக்கல் மாணவர்களை ஜாஸ் பக்கம் இழுக்கவே எழுதியவை. ஆறாவது எல்லோரும் வாசிப்பது. நான் முதலிரண்டில் தொடங்கச் சொல்வேன். இதெல்லாம் முடிந்த பிறகு கபுஸ்டினிடம் திரும்பி வாருங்கள். எட்யூடுகளுக்கு முன்னால் ஓபஸ் 53, ஜாஸ் பாணியில் 24 பிரிலியூடுகள். மெதுவானவற்றைப் பொறுக்கியெடுங்கள். அல்லது ஓபஸ் 100 சோனாட்டினா, அவர் எழுதியவற்றில் மனிதர்கள்மேல் இரக்கம் காட்டியது அதுதான்.

ஒரே ஒரு ஆல்பம் கேட்டு இந்த மரபை மொத்தமாக ருசி பார்க்க வேண்டுமென்றால் மார்க்-ஆந்த்ரே ஹாமெலினின் 'இன் எ ஸ்டேட் ஆஃப் ஜாஸ்', ஹைபெரியன், 2008. குல்டா, கபுஸ்டின், ஆன்தெய்ல், வைஸ்ஸென்பெர்க் நால்வரும் அதில் இருக்கிறார்கள். எதையும் வாசிக்க முயல வேண்டாம், கேளுங்கள் போதும்.

இனி பாடல் அரேஞ்ச்மென்ட். தேடும்போது மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'டிரான்ஸ்கிரிப்ஷன்' என்றால் ஒருவர் வாசித்ததைக் கேட்டு அப்படியே எழுதியது. 'அரேஞ்ச்மென்ட்' என்றால் பாட்டை எடுத்துப் பியானோவுக்காகப் புதிதாகக் கட்டியது. 'லீட் ஷீட்' என்றால் மெலடி ஒற்றை வரி, மேலே கார்ட் பெயர்கள், மற்றது உங்கள் பாடு. ஆர்ட் டேட்டமின் டிரான்ஸ்கிரிப்ஷனைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். அது ஒரு மேதை ஓர் இரவில் செய்ததன் புகைப்படம், அதை வாசிக்க அவருடைய கையும் வேண்டும்.

நீங்கள் தேடுவது நடுவில் உள்ளது. அதில் சிகரம் மேலே சொன்ன 1932 கெர்ஷ்வின் பாடல் புத்தகம். விருந்துகளில் தன் பாட்டுகளையே மாற்றி மாற்றி வாசித்துத் தள்ளுவார் அவர். அதில் பதினெட்டை எழுத்தில் பிடித்து வைத்தார். ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம்தான். 'த மேன் ஐ லவ்', 'ஹூ கேர்ஸ்' இரண்டும் உங்கள் கைக்கு எட்டும். 'ஐ காட் ரிதம்' எட்டாது, இப்போதைக்கு. அதே 'த மேன் ஐ லவ்'வைப் பெர்சி கிரேய்ஞ்சரும் அரேஞ்ச் செய்திருக்கிறார், இன்னும் செழிப்பாக, இன்னும் ரொமான்டிக்காக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பாட்டு எப்படி இரு ஊர்க்காரி ஆகிறாள் என்று தெரியும். ஏர்ல் வைல்டின் கெர்ஷ்வின் எட்யூடுகளும், அலெக்ஸிஸ் வைஸ்ஸென்பெர்க் செய்த ஷார்ல் டிரெனே பாடல்களும் கச்சேரி மேடைக்காரர்களுக்கு. டிரெனே பாடல்களை வைஸ்ஸென்பெர்க் பெயர் போடாமல் இசைத்தட்டில் வெளியிட்டார். ஹாமெலின் அதைக் கேட்டுக் கேட்டு நோட்டாக எழுதிய கதை, கேட்டு எழுதுவது யாருக்கும் கீழான வேலை இல்லை என்பதற்கு உதாரணம்.

லீட் ஷீட்டுக்குப் பயப்படாதீர்கள். இது இம்ப்ரொவைசேஷன் இல்லை, நிதானமாக உட்கார்ந்து பென்சிலால் எழுதுவது. சி மேஜரில் மிகச் சாதாரணமான தொடர்: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். இடது கையில் முழுக் கார்டையும் அடுக்காதீர்கள், சேறாகிவிடும். ஒவ்வொரு கார்டுக்கும் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் போதும். டி மைனருக்கு எஃப், சி. ஜி-க்குப் போகும்போது எஃப் அப்படியே நிற்கும், சி மட்டும் அரைச் சுரம் இறங்கி பி ஆகும். சி மேஜருக்குப் போகும்போது பி நிற்கும், எஃப் அரைச் சுரம் இறங்கி ஈ ஆகும். ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் நகர்கிறது. இதை மெதுவாக வாசித்துக் கேளுங்கள், நூற்றுக்கணக்கான ஜாஸ் பாட்டின் எலும்புக்கூடு இது. மேலே மெலடியை வலது கையின் சுண்டுவிரலில் வையுங்கள். கீழே இடது கை எப்போதாவது மூல சுரத்தை ஒரு தட்டு தட்டட்டும். அரேஞ்ச்மென்ட் தயார். பன்னிரண்டு சுருதியிலும் இதைச் சாதகம் செய்தால் இன்னும் நல்லது, ஆனால் அதற்குள் நீங்கள் என்னைத் திட்ட ஆரம்பித்திருப்பீர்கள்.

தமிழ் சினிமாப் பாட்டை இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. இணையத்தில் கிடைக்கும் நோட்டுகளை மட்டும் நம்ப வேண்டாம். பலவற்றில் மெலடிக்குக் கீழே மூன்று சுரக் கார்ட் ஒன்றை ஆணியடித்து வைத்திருப்பார்கள். மோகனத்தில் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சி-யை ஷட்ஜமாக வைத்தால் சுரங்கள் சி, டி, ஈ, ஜி, ஏ. கீழே சி மேஜரையே வைத்தால் பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி இருக்கும். அதே மெலடிக்குக் கீழே எஃப் மேஜர் செவன் வையுங்கள்: காந்தாரம் அந்தக் கார்டின் ஏழாம் சுரமாகிவிடும், பஞ்சமம் ஒன்பதாம் சுரமாகிவிடும். பி ஃபிளாட் மேஜர் செவன் வைத்தால் காந்தாரம் உயர்த்திய பதினொன்றாம் சுரம், ஷட்ஜமம் ஒன்பதாவது. ராகம் ஒரு சுரம்கூட மாறவில்லை, அடியில் தரை மட்டும் நகர்கிறது. ஆனால் நீண்ட கமகம் உள்ள இடங்களில் கார்டை மாற்றாதீர்கள். பியானோவில் கமகம் எப்படியும் வராது, அதற்குக் கீழே கார்டும் ஓடினால் பாட்டு அடையாளம் தெரியாமல் போய்விடும்.

எங்கே தேடுவது என்பதற்குப் பலரும் யோசிக்காத ஒரு வழி தேர்வுப் பாடத்திட்டங்கள். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியங்கள் இரண்டின் பியானோ பட்டியல்களிலும் ஜாஸ் சாயல் பீஸ்கள் ஒவ்வொரு கிரேடிலும் இருக்கும். ஏபிஆர்எஸ்எம்மில் பெரும்பாலும் 'சி' பட்டியலில் பாருங்கள். ஏற்கனவே கடினம் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பழைய ஆண்டுப் பட்டியல்களும் அதே அளவு பயன்படும். அங்கே கிறிஸ்டஃபர் நார்டன், மார்த்தா மியர் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நார்டனின் 'மைக்ரோஜாஸ்' வரிசையும் மியரின் 'ஜாஸ், ராக்ஸ் அண்ட் புளூஸ்' புத்தகங்களும் ஆறாம் கிரேடுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சிக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், தினம் ஒன்று. ஸ்விங் கையில் ஏறுவது கடினமான பீஸில் அல்ல, இந்த மாதிரி எளிதானவற்றில்தான்.

இலவசமாக வேண்டுமென்றால் காப்புரிமை முடிந்த நோட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஐஎம்எஸ்எல்பி இணையதளம். இந்தியாவில் காப்புரிமை இசையமைத்தவர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை. தபுஸி, ஜாப்லின், ராவெல், கெர்ஷ்வின், ஷூல்ஹாஃப் ஆகியோரின் பியானோ பீஸ்கள் அதைத் தாண்டிவிட்டன. பார்பர், கோரியா, குல்டா, கபுஸ்டின் தாண்டவில்லை, வாங்கத்தான் வேண்டும். கபுஸ்டின் இப்போது ஷாட் பதிப்பகத்தில் கிடைக்கிறார். வாங்குமுன் முதல் பக்கத்தை முன்னோட்டத்தில் பாருங்கள். இடது கையில் பத்தாம் சுர இடைவெளி வரிசையாக வந்தால் உங்கள் கை எட்டுமா என்று யோசியுங்கள். எட்டாவிட்டால் பரவாயில்லை, கீழ்ச் சுரத்தைப் பெடலில் பிடித்துக்கொண்டு மேலுக்கு உருட்டலாம். ஆனால் பக்கம் முழுவதும் உருட்டிக்கொண்டிருந்தால் தாளம் கரைந்துவிடும், அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள்.

எந்த நோட்டை வாங்கினாலும் முதல் வாரம் பியானோவைத் திறக்காதீர்கள். ஒலிப்பதிவை ஓடவிட்டு, நோட்டில் விரலை வைத்துப் பின்தொடருங்கள். யூடியூபில் முக்கால் வேகம் வைத்தாலும் சுருதி மாறாது. எங்கே எழுத்தும் ஒலியும் பிரிகின்றனவோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். கீத் ஜாரெட்டின் 1975 கொலோன் கச்சேரி முழுக்க இம்ப்ரொவைசேஷன், பின்னாளில் அதை நோட்டாக அச்சிட அவர் சம்மதித்தபோது வாசிப்பவர்கள் ஒலிப்பதிவையே கடைசித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கச்சேரி செய்தவரே அப்படிச் சொல்லும்போது நாம் அச்சடித்த தாளைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை.

உங்களுக்கான மூன்று மாதம்: கெர்ஷ்வினின் இரண்டாவது பிரிலியூட், கோரியாவின் முதல் நாலு, தினம் ஒரு மைக்ரோஜாஸ், வாரம் ஒரு லீட் ஷீட் பென்சிலில். பிரிலியூடின் நடுப்பகுதியில் மெலடி இடது கைக்கு மாறும் இடத்தில் நிச்சயம் சிக்குவீர்கள். அங்கே பெருவிரலைக் கறுப்புக் கட்டையில் வைக்கலாமா என்ற சந்தேகம் வரும். வைக்கலாம். உங்கள் ஆசிரியர் முகம் சுளித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.